பழனியாண்டி கங்காணியோட எடது பக்கத்து மூளை

பழனியாண்டி கங்காணிக்கு வாய் போயி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எங்க லயத்துல மூணு கெழமை எல்லாரும் நல்லாத் தூங்குனோம். பொய் சொல்லி என்ன ஆகப்போவுது. முப்பது வருசமா காலையில அஞ்சு மணிக்கு அவன் தொண்டையக் காறுறதுல தான் எங்களுக்கு விடியும். டயகம பக்கத்துத் தேயிலத் தோட்டம், அதுல மேல் பிரிவு, மேக்கணக்கும்போம், பன்னெண்டு காம்பரா வரிசையா ஒட்டுன பழைய லயம், காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஆறாவது காம்பரா அவனோடது, ஏழாவது என்னோடது. நடுவுல உள்ள செவரு கூரையத் தொடாது. அவன் பொண்டாட்டிய ஏசுனா அதுல எனக்கும் பங்கு உண்டு.

அவன் பொறந்ததும் இதே லயத்துல தான். அப்ப எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு. அவன் ஆத்தா வயித்துல இருந்து விழுந்ததும் கத்துன கத்துல, எதுத்த மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தவளுக நிமிந்து பாத்தாளுக. அஞ்சாம் வகுப்போட படிப்ப விட்டுட்டு புல்லு வெட்டப் போனான். பதினெட்டு வயசுல காமன் கூத்துல ரதி வேசங்கட்டுனான். மாசி மாசம் எங்க தோட்டத்துல காமன் கூத்து இல்லாம இருக்காது. பொம்பள வேசமும் ஆம்பளைக தான் கட்டணும். மன்மதன் எரிஞ்சு சாம்பலானதும் ரதி மாரடிச்சு ஒப்பாரி வைக்கணும். பழனியாண்டி வச்சான் பாருங்க, அப்பிடி ஒரு ஒப்பாரி. புருசனப் பறிகொடுத்தவளுகளே, நாம இவ்வளவு அழுவலையேடின்னு வெக்கப்பட்டாளுக. எம் புருசன் செத்தப்ப நான் அழுததுல பாதி அவன்கிட்டப் பாத்துக் கத்துக்கிட்டது தான்.

பன்னெண்டு வருசம் ரதியா அழுதான். அப்புறம் மீசைய வளத்துக்கிட்டு கங்காணி ஆனான். அதுவரைக்கும் எங்களுக்காக அழுத வாயி, அதுக்கப்புறம் எங்களப் பாத்துக் கத்துச்சு. "சீ போ கழுத! நெறைய விட்டுட்டு எங்கடி போற?" "கை ஓடுதா, இல்ல வாய் ஓடுதா?" மலையில நிக்கிற அம்பது பொம்பளைக்கும் இது தான் காலை வணக்கம். நெறைங்கிறது ஒவ்வொருத்திக்கும் பிரிச்சு விட்ட செடி வரிசை. மழையில நனைஞ்சு, அட்டை கடிச்சு, காலெல்லாம் ரத்தம் ஓடும். அவனுக்கு அது கண்ணுல படாது. கூடையில காம்பு நீட்டிக்கிட்டிருக்கது மட்டும் அடுத்த மலையில இருந்தே தெரியும்.

ஒண்ணு சொல்லணும். அவன் குடிக்க மாட்டான். ஒரு சொட்டுத் தொட மாட்டான். குடிச்சிட்டு வாரவனக் கண்டா பெரட்டுக் களத்துல வச்சே மானத்த வாங்கிருவான். காலையில ஆளக் கூப்புட்டு, யார் எந்த மலைக்குன்னு பிரிச்சு அனுப்புறது தான் பெரட்டு. அங்க மொத அரை மணித்தியாலம் அவனோட குடி ஒழிப்புப் பிரசங்கம். மருந்து அடிக்கிற கிஷாந்துன்னு ஒரு எளந்தாரி இருக்கான். வாரத்துல நாலு நாளு அந்தப் பிரசங்கம் அவனுக்காகத் தான்.

பழனியாண்டிக்கு ரெண்டு புள்ளைக. மூத்தவன் கொழும்புல ஏதோ கடையில இருக்கான், பொங்கலுக்கு மட்டும் வருவான். எளையவ பிரியந்தி. அம்பது பொம்பளையக் கழுதைங்கிறவன், எம்பொண்ணு முதுகுல கூடை ஏறக்கூடாதுன்னு பதினெட்டு வருசம் அவளப் படிக்க வச்சான். அவ இப்ப எங்க தோட்டத்து முன்பள்ளியில டீச்சர். சனிக்கெழம சனிக்கெழம ஹட்டனுக்குப் போயி இன்னும் ஏதோ படிக்கிறா. அங்க போட்டோக் காப்பி அடிக்கிற கடையில நிரஞ்சனப் பாத்தா. எத்தன தாள அப்பிடி அடிச்சாங்களோ தெரியல, ஒரு வருசத்துல கல்யாணப் பேச்சுக்கு வந்திருச்சு. கடை நிரஞ்சனோட அம்மா மனோரஞ்சிதத்தோடது. புருசன் இல்ல. கடைக்கும் மகனுக்கும் அவங்க தான் மொதலாளி. டவுன்ல கடை வச்சிருக்கவங்க லயத்துல பொண்ணு எடுக்கிறதுன்னா லேசா? மூஞ்சிய ஒரு முழம் நீட்டிக்கிட்டுத் தான் சம்மதிச்சாங்க. வைகாசியில ஒரு ஞாயித்துக்கெழம பரிசம் போடுறதுன்னு பேசி முடிச்சாச்சு.

அதுக்கு ஒன்றரை மாசத்துக்கு முந்தி ஒரு செவ்வாக்கெழம, பெரட்டுல அது நடந்திச்சு.

நான் புள்ளக் காம்பராவுல கைக்கொழந்தைகளப் பாத்துக்கிட்டிருக்கவ. அது பெரட்டுக் களத்துக்கு ஒட்டுனாப்புல தான் இருக்கு. பழனியாண்டி பேர் கூப்புட ஆரம்பிச்சான். ரெண்டு பேரு ஒழுங்கா வந்திச்சு. மூணாவது ஆளுக்கு ஏழாம் நம்பர் மலைன்னு சொல்ல வந்தது வாய்க்குள்ள வழுக்கிருச்சு. "ஏ... ஏழா... நம்ப..." வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு எச்சி வடிஞ்சிச்சு. கையில இருந்த கம்பு கீழ விழுந்திச்சு. எடுக்கக் குனிஞ்சான், வலது கால் மடங்கி அப்பிடியே உக்காந்துட்டான்.

கிஷாந்து தான் மொதல்ல சொன்னான்: "கங்காணி ஐயா இன்னைக்கு நல்லா ஏத்திட்டாரு!"

அவ்வளவு தான். களமே சிரிச்சிச்சு. குடிக்காதவன் ஒரு நாள் குடிச்சு மாட்டிக்கிட்டான்னா அதப் பாக்குறவங்களுக்கு வாரது தீவாளிச் சந்தோசம். "பிரசங்கம் வைங்கய்யா!" "யாரு வீட்டுச் சரக்கு?" "ஐயா, இப்ப யாரு கழுத?" ஆளாளுக்கு ஒண்ணு. பாவம் அவன், கண்ணு ரெண்டையும் முழிச்சு எங்க எல்லாரையும் பாத்தான். குடிகாரன் முழி வேற, அந்த முழி வேற. அது எனக்கு இப்ப தெரியுது. அப்ப நானும் சிரிச்சேன். போதை எறங்க எலுமிச்சங்கா பிழிஞ்சு ஊத்துவோம்னு சொன்னவளும் நான் தான். பிழிஞ்சதும் இந்தக் கை தான். பாதி உள்ள போச்சு, பாதி வெளிய வழிஞ்சிச்சு. தலையில ரெண்டு வாளித் தண்ணிய ஊத்தி, கொழுந்துச் சாக்க விரிச்சுப் படுக்கப் போட்டுட்டு எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க.

பத்து மணிக்கு அவன் பொண்டாட்டி நாகலெட்சுமி மலையில இருந்து எறங்கி வந்தா. விசயம் கேள்விப்பட்டு வெறி புடிச்சாப்புல வந்தா. புருசனத் திட்டத்தான் வந்தா. இருபத்தஞ்சு வருசத்துல மொத தடவையா அவ வாய் பெருசாகுற நாளு. கிட்டப் போனவ குனிஞ்சு அவன் வாய மோந்து பாத்தா.

"அக்கா, வாடையே இல்லையேக்கா!"

மோந்து பாக்கணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணல. நாங்க மூக்கு இல்லாத சாதி.

தோட்டத்து லொறியில இருந்த கொழுந்துச் சாக்கயெல்லாம் எறக்கிட்டு அவன ஏத்துனோம். நுவரெலியாவுக்குப் போயிச் சேர மணி பன்னெண்டரை. டாக்டரு சின்னப் பையன், சிங்களவரு, தமிழ் கொஞ்சம் பேசுவாரு. எத்தன மணிக்கு ஆச்சுன்னு கேட்டாரு. ஆறேகால்னு சொன்னோம். அவரு மணிக்கூட்டப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, நாலரை மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா கட்டிய கரைக்க ஒரு ஊசி போடப் பாத்திருக்கலாமாம். அந்த நாலரை மணித்தியாலத்துல தான் நாங்க எலுமிச்சங்கா பிழிஞ்சிருந்தோம்.

தலையப் படம் எடுத்தாங்க. கோவா முட்டக்கோசக் குறுக்க வெட்டுனா உள்ள மடிப்பு மடிப்பா இருக்குமில்ல, அப்பிடி ஒரு படம். எடது பக்கத்துல ஒரு எடம் மட்டும் கறுத்துக் கெடந்திச்சு. ரத்தக் கொழாயில கட்டி அடைச்சு, அதுக்கு அங்கிட்டு ரத்தம் போகாம அவிஞ்சு போச்சாம். லயத்துக்குத் தண்ணி வார பீலியில பாசி அடைச்சா கடைசிக் காம்பராக்காரன் தண்ணியில்லாமக் கெடப்பான்ல, அது மாதிரி. ஆனா காம்பராக்காரன் ஒரு நாளு தாங்குவான். மூளை சில நிமிசத்துலயே சாக ஆரம்பிச்சிருமாம். ஒடம்புல ஓடுற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போவுதாம். அம்புட்டுத் திண்டும் பசி தாங்காது.

மூணாவது நாளு வாய் தொறந்தான். பெரிய டாக்டரு நாலஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு வந்து, கைய அமுக்கி, காலத் தட்டி, "ஐயா, உங்க பேரு என்ன?"ன்னாரு. பழனியாண்டி முக்கி முக்கிப் பாத்தான். மூஞ்சி செவந்து போச்சு. அப்புறம் மணி அடிச்ச மாதிரி வந்திச்சு: "சீ போ கழுத!"

நாகலெட்சுமி ஓன்னு அழுதா. "பேசிட்டாருக்கா! எம் புருசன் பேசிட்டாரு!" காலம் பூரா அந்தச் சொல்லக் கேட்டு மூக்கச் சிந்துனவ, அன்னைக்கு அதுக்காகவே ஆனந்தக் கண்ணீர் விட்டா. பேரு கேக்குற அளவுக்குத் தான் டாக்டருக்குத் தமிழ் தெரியும், கழுதைக்கு என்ன அர்த்தம்னு கூட நின்ன நர்சம்மா சொல்லல.

பேச்சுக்குப் பயிற்சி குடுக்க ஒரு மிஸ் வருவாங்க. பேரு பிரேமினி, நோட்டன் பிரிட்ஜ் பக்கம். அப்பா அம்மா தோட்டத்துல வேல செஞ்சவங்க. அதனால நம்ம பேச்சு நம்ம மாதிரியே வரும். மேசையில ப்ளாஸ்டிக் மூளை ஒண்ணு வச்சிருந்தாங்க. துண்டு துண்டாக் கழட்டி மாட்டலாம்.

"இதாம்மா மூளை. ஒரு கிலோ முந்நூறு, நானூறு கிராம் இருக்கும்."

"அவ்வளவு தானா? இத வச்சுக்கிட்டா இவ்வளவு நாளு இந்தக் கத்துக் கத்துனான்?"ன்னேன்.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்திருச்சு. "கத்துறதுக்கு இதுல கொஞ்சம் எடம் போதும்மா. இங்க பாருங்க, ரெண்டு பாதி. எடது பாதி வலது கை காலப் பாத்துக்கும். வலது பாதி எடது கை காலப் பாத்துக்கும்."

"ஏன், பக்கத்துல இருக்கதப் பாத்தா கொறஞ்சா போயிரும்?"

"கீழ தண்டுல எறங்குறப்ப நரம்பு குறுக்க மாறிப் போவுதும்மா. ஏன் அப்பிடின்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது."

மேக்கணக்கு ஆளுகளப் பாக்க கீழ்க்கணக்குக் கங்காணியப் போட்ட கதை தான். எந்தத் தொரை செஞ்ச வேலையோ.

பின்னாடி கழுத்துக்கு மேல சின்னதா ஒரு உருண்டை. நடக்குறப்ப தள்ளாடாம இருக்க அது வேணுமாம். அதுக்கு முன்னால தண்டு. மூச்சு விடுறது, நெஞ்சு அடிக்கிறது எல்லாம் அதோட வேல. நாம தூங்குனாலும் அதுக்கு லீவு கெடையாது. அங்க இருந்து முதுகெலும்புக்குள்ள சுண்டுவெரல் மொத்தத்துல நரம்புக் கயிறு எறங்குது. அதுல இருந்து கெளை விட்டு கால் நகம் வரைக்கும் போவுது. சூடான கேத்தல்ல கை பட்டா வெடுக்குன்னு இழுக்குறோமே, அது மூளையக் கேட்டுச் செய்யுறது இல்லையாம். முதுகுக்குள்ள உள்ள கயிறே முடிவெடுத்துருமாம். மூளைக்குப் பொறவு தான் சேதி போகும். நல்லா இருக்கு. மூளைய அறுத்தா மூளைக்கு வலிக்காதுன்னும் சொன்னாங்க. ஒடம்புல உள்ள வலியெல்லாம் அதுக்குத் தான் போயிச் சேருது, ஆனா தனக்குன்னு வலி இல்ல. பங்களாவுல இருக்க தொரைமாருகள எனக்கு அன்னைக்குத் தான் வெளங்குச்சு.

நாகலெட்சுமி இதுல ஒண்ணும் காதுல வாங்கல. "மிஸ், அவருக்கு நாம பேசுறது புரியுதா? பைத்தியம் புடிச்சிருச்சுங்கிறாங்க. அத மட்டும் சொல்லுங்க"ன்னா.

மிஸ் மூளையோட எடது பாதியக் கையில எடுத்தாங்க. "முன்னாடி, இந்த எடம், வார்த்தைய வெளிய கொண்டார. அது தான் இவருக்கு அடிபட்டிருக்கு. பின்னாடி, காதுக்கு மேல, இந்த எடம், கேட்டதப் புரிஞ்சுக்க. அது தப்பிச்சிருச்சு. அவருக்குப் பெரும்பாலும் எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது."

"அப்ப ஏச்சு மட்டும் எப்பிடி வருது?"ன்னு கேட்டேன்.

"ஏச்சு, எண்ணுறது, சாமி பாட்டு, இதெல்லாம் யோசிச்சுச் சொல்றது இல்லையேம்மா. பழகிப் பழகித் தானா வாரது. அதுக்கு மூளையில வேற எடங்களும் ஒத்தாச பண்ணும். பாட்டுக்கு வலது பக்கமும் ஒதவும். அதனால இவரப் பாட வையுங்க. பாட்டோட சேத்தா வார்த்த வரலாம். இன்னொண்ணு, ஆமாவும் இல்லையும் இவருக்கு மாறி மாறி வரும். வாய நம்பாதீங்க. கண்ணப் பாருங்க, நல்ல கையப் பாருங்க."

மூணு கெழமையில வீட்டுக்குக் கொண்டாந்தோம். வலது கை தொங்குது, காலு இழுக்குது. பாட வையுங்கன்னாங்களே, அவனுக்குத் தெரிஞ்ச மெட்டு எது? ரதி மெட்டு. மறுநாள் காலையில காம்பரா வாசல்ல உக்காந்து, "தேத்தண்ணி வேணுமே... நாகலெட்சுமியே... சீனி போட்டு வேணுமே..."ன்னு நெஞ்சு உருகுற மாதிரி ஒப்பாரி வச்சான். வார்த்த சுத்தமா வந்திச்சு. சத்தத்தக் கேட்டு கீழ் லயத்துல இருந்து பொம்பளைக தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓடியாந்தாளுக. "எப்பிடிப் போச்சு உயிரு?"ன்னு வந்தவளுகளுக்கு நாகலெட்சுமி தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்ப வேண்டியதாப் போச்சு.

இது ஹட்டனுக்கு எட்டாம இருக்குமா? மனோரஞ்சிதம் போன் எடுத்தாங்க. பிரியந்தி ஸ்பீக்கர்ல போட்டா.

"இங்க பாரும்மா, உங்கப்பாவுக்கு மூளை போயிருச்சுங்கிறாங்க. வீட்டு வாசல்ல ஒப்பாரி வைக்கிறாராம். எனக்கு உம் மேல ஒண்ணும் இல்ல. ஆனா அப்பன் அறிவோட இருந்து, சபையில அவரு வாயால சம்மதம்னு சொல்லணும். சொன்னா தட்டு மாத்துறேன். இல்லைன்னா நாளைக்கு நாலு பேரு, புத்தி கெட்டவன்கிட்ட பொண்ணத் தட்டிப் பறிச்சோம்னு பேசுவாங்க."

பிரியந்தி போன வச்சிட்டு அப்பனப் பாத்தா. அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத் தான் இருந்தான். கண்ணு கலங்கிருந்திச்சு. வாயத் தொறந்தான். "கழுத"ன்னு மட்டும் வந்திச்சு.

பரிசத்துக்குப் பதினஞ்சு நாளு இருந்திச்சு. பாட்டுல சொல்ல வச்சா "பொண்ணத் தாரேன்"னு முழுசாவே வந்திருக்கும். ஆனா வெளக்கேத்தி வச்ச சபையில, பொண்ணக் குடுக்குற அப்பன் ரதி ஒப்பாரியில குடுக்கவா? "பாடுனீங்க, நான் ஆத்துல குதிச்சிருவேன்"னுட்டா நாகலெட்சுமி. அதனால அவ ஒரு வழி கண்டுபுடிச்சா. ஒரே ஒரு வார்த்த. ஆமா. காலையில, மத்தியானம், சாயந்தரம் முன்னால உக்காந்துக்குவா. "பொண்ணக் குடுக்க சம்மதமா?" "கழு..." "ஆமான்னு சொல்லுங்க." "ஆ..." "ஆமா!" சரியாச் சொன்னா ஒரு மாரி பிஸ்கட்டு. பத்து நாளுல பழகிட்டான். சாப்புட்டீங்களா? ஆமா. கால் வலிக்குதா? ஆமா. உங்க பேரு நாகலெட்சுமியா? ஆமா. அவளுக்கு ஒரே சந்தோசம். நானும் பாத்துக்கிட்டுத் தான் இருந்தேன். எல்லாத்துக்கும் ஆமாங்கிறவன் ஒண்ணும் சொல்லாதவன் தான்னு எனக்கும் அப்ப ஓடல.

ஞாயித்துக்கெழம வந்திச்சு. நாலரைக்கு ராகு காலம், அதுக்கு முந்தி தட்டு மாத்தணும்னு நேரம் குறிச்சிருந்தாங்க. மூணே முக்காலுக்கே வேன் வந்திருச்சு. மனோரஞ்சிதம் பட்டுச் சேலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எங்க வாசல்ல ஓடுற சாக்கடைக் கானைத் தாண்டி வந்தாங்க. கூட அவங்க தம்பி வீரய்யா, அப்புறம் நிரஞ்சன், ஒரு பத்துச் சனம். நிரஞ்சன் நல்ல பையன். அம்மா இருக்குற எடத்துல அவனுக்கும் எடது பக்க மூளை வேல செய்யாதுன்னு தெரிஞ்சிச்சு.

பழனியாண்டிக்கு வெள்ளை வேட்டி கட்டி, மீசைய ஒதுக்கி, நாற்காலியில உக்கார வச்சிருந்தோம். மனோரஞ்சிதம் எதுக்க உக்காந்து, செவிடன்கிட்டப் பேசுற மாதிரி கத்துனாங்க: "சம்பந்தி! நல்லா இருக்கீங்களா?"

"ஆமா."

"அட, பேசுறாரே!"

நாகலெட்சுமி மூஞ்சியில ஆயிரம் வெளிச்சம்.

வீரய்யா காயிதத்த எடுத்து வாசிச்சாரு. இன்னார் மகனுக்கு இன்னார் மகள, ஆவணி மாசம், ஹட்டன் கோயில்ல, இத்தன மணிக்கு. எல்லாம் முன்னமே பேசுனது தான். கடைசியில கொரலக் கொறச்சுக்கிட்டு ரயில் மாதிரி ஓடுனாரு: "கல்யாணத்துக்குப் பொறவு மணமகள் வேலையையும் படிப்பையும் நிறுத்தி, குடும்ப வியாபாரத்துக்கு ஒத்தாசையா இருப்பதாக இரு வீட்டாரும் சம்மதிக்கிறோம்."

பிரியந்தி உள் காம்பராவுல சேல மாத்திக்கிட்டிருந்தா. நாகலெட்சுமி வெத்தலை அடுக்கிக்கிட்டிருந்தா. அவளுக்குக் காயிதம் வாசிக்கிறது கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி. எனக்கும் அப்பிடித் தான். மனோரஞ்சிதம் தாம்பாளத் தட்டத் தூக்குனாங்க. "சம்பந்தி, கேட்டீங்கல்ல? எல்லாத்துக்கும் சம்மதமா?"

பழனியாண்டி மூஞ்சி செவந்திச்சு. "ஆமா"ன்னான்.

"பாத்தீங்களா, சொல்லிட்டாரு! மாத்துங்க, மாத்துங்க."

எங்க தட்டு அவன் மடியில இருந்திச்சு. வெத்தலை பாக்கு, மஞ்சள், தேங்கா, பூ. மனோரஞ்சிதம் அதுல கைய வச்சு இழுத்தாங்க. தட்டு வரல. எடது கையால விளிம்ப இறுக்கிப் புடிச்சிருக்கான்.

"என்னங்க, விடுங்க"ன்னா நாகலெட்சுமி. "ஆமா"ன்னான். விடல. "எடது கையால புடிக்கிறாரே, சம்பந்தி, நல்ல காரியத்துல!"ன்னாங்க மனோரஞ்சிதம். "ஆமா! ஆமா!" கொரல் ஏறுது. கை விடல. நாகலெட்சுமி குனிஞ்சு ஒவ்வொரு வெரலாப் பிரிக்கப் பாத்தா. "நரம்பு இழுத்துக்கிச்சு போல. அவரு அப்பிடித் தாங்க, தப்பா நெனைக்காதீங்க." அவன் அவள மொறைச்சான். முப்பது வருசம் மலையில நின்னு எங்கள மொறைச்ச அதே மொறைப்பு. கண்ணுல ஒரு பழுதும் இல்ல.

"சித்தம் கலங்குனவருன்னு நான் சொன்னேன்ல, வீரய்யா"ன்னாங்க மனோரஞ்சிதம்.

எனக்கு மண்டையில ஒறைச்சிச்சு. வாய நம்பாதீங்க, நல்ல கையப் பாருங்கன்னு அந்த மிஸ் தலை தலையா அடிச்சுக்கிட்டாங்களே. ஒருக்கா இந்த ஆளு பேசாமக் கெடந்ததப் பாத்துச் சிரிச்சுட்டு எலுமிச்சங்கா பிழிஞ்சவ நான். மறுக்காவும் பிழியணுமா?

"நாகலெட்சுமி, வெரல விடுடி"ன்னேன். "தம்பி வீரய்யா, அந்தக் காயிதத்த மொதல்ல இருந்து வாசிங்க. ஒவ்வொண்ணா. மெதுவா."

"எதுக்கும்மா? நேரம் போவுது."

"நேரம் எங்களுக்கும் தான் போவுது. வாசிங்க."

ஆவணி மாசம்னாரு. பழனியாண்டி கை லேசாச்சு. ஹட்டன் கோயில்னாரு. தட்ட முன்னால கொஞ்சம் தள்ளியே விட்டான். மனோரஞ்சிதம் கூட கைய நீட்டிட்டாங்க. வீரய்யா அடுத்ததப் பாத்துட்டு காயிதத்த மடிக்கப் பாத்தாரு. "வாசிங்க தம்பி." வாசிச்சாரு. வேலையையும் படிப்பையும் நிறுத்தின்னு வந்த எடத்துல, பழனியாண்டி வெடுக்குன்னு தட்ட நெஞ்சோட இழுத்தான். தேங்கா உருண்டு மனோரஞ்சிதம் கால்ல போயி நின்னுச்சு. "ஆமா!"ன்னு கத்துனான். கத்துன கத்துல வேன் டிரைவர் எட்டிப் பாத்தான்.

மூளை போனவன்னு சொன்னவங்களுக்கு இப்ப எங்க பாக்குறதுன்னு தெரியல.

பிரியந்தி பாதிச் சேலையோட வெளிய வந்தா. "இத யாரு எழுதச் சொன்னது?"

வீரய்யா காயிதத்துக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டாரு. "அக்கா தாம்மா சொன்னிச்சு. ஒரு வரி தானேன்னுச்சு."

"கடையில ஆள் இல்ல"ன்னாங்க மனோரஞ்சிதம். "குடும்பத்துக்குள்ள இதெல்லாம் பேசித் தீத்துக்கிறது தானே. எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன?"

"எழுதாட்டி ஒண்ணும் இல்லைன்னா எழுத வேண்டாம் அத்தை. நான் வேலைக்குப் போவேன். அதுக்கு இஷ்டம்னா தட்டு மாத்துங்க. இல்லைன்னா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நாகலெட்சுமி நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு செவருல சாஞ்சுட்டா. எல்லாரும் நிரஞ்சனப் பாத்தோம். அவன் அம்மாவப் பாத்தான், பிரியந்தியப் பாத்தான், அப்புறம் பழனியாண்டி கையப் பாத்தான். வெள்ளையாப் போற அளவுக்கு இறுக்கிக்கிட்டிருக்க கைய. வந்ததுல இருந்து மொத தடவையா வாய் தொறந்தான்.

"அது நான் சொல்லலம்மா. அவ போகட்டும். கடைக்கு ஆள் தேடிக்கலாம். வீரய்யா மாமா, அந்த வரிய வெட்டுங்க."

மனோரஞ்சிதம் மகன ஏற எறங்கப் பாத்தாங்க. கோவம் தான். ஆனா சபை பாத்துக்கிட்டிருக்கு, வேனுக்கு வேற காசு குடுத்தாச்சு. "வெட்டுன காயிதத்துலயா பரிசம் போடுறது? அபசகுனம். வேறயா எழுது"ன்னாங்க தம்பிக்கிட்ட.

வீரய்யா பிரியந்தியோட முன்பள்ளிக் கொப்பியில ஒரு தாளக் கிழிச்சு எழுத உக்காந்தாரு. கையெழுத்து சித்திரம் மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கொம்பு. மெதுவாத் தான் எழுதுனாரு. எழுதி முடிச்சு, அவரு வாசிச்சாரு. இந்தத் தடவ பழனியாண்டியப் பாத்துக்கிட்டே வாசிச்சாரு, வரிக்கு வரி நிறுத்தி, தொரைக்கு ரிப்போட்டு குடுக்குற மாதிரி. முடிஞ்சதும் மனோரஞ்சிதம் குனிஞ்சு தேங்காய எடுத்து தட்டுல வச்சுட்டு, சம்மதமான்னு வாயால கேக்காம, ரெண்டு கையையும் நீட்டுனாங்க.

பழனியாண்டி வெரல் ஒண்ணு ஒண்ணாத் தெறந்திச்சு. தட்டு போச்சு.

கொலவை போட்டோம். நான் மணிக்கூட்டப் பாத்தேன். ராகு காலம் தொடங்கி இருபது நிமிசம் ஆயிருந்திச்சு. மனோரஞ்சிதமும் பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். நாகலெட்சுமி தேத்தண்ணி கொண்டாந்தா, குடிச்சோம்.